கல்லு மேல 8000-ன்னு போட்டா ஆச்சா?

ஒரு கல்லு வாங்கணும். சவரக் கத்தி தீட்ட ஒரே ஒரு கல்லு. இதுக்கு ஒரு மனுஷனை இவ்ளோ அலைய விடுவீங்களா?

பாரிஸ் கார்னர்ல கிடைக்காத சாமானா? கப்பலுக்கு சங்கிலி வேணும்னு கேட்டாக்கூட அசராம "எத்தினி அடி"ன்னு திருப்பிக் கேக்குற ஏரியா அது. அங்க ஒரு ஹார்ட்வேர் கடைல போய், மடக்கு சவரக் கத்தி, சலூன்ல அந்தக் காலத்துல வச்சிருப்பாங்களே, அதைத் தீட்ட கல்லு வேணும்னு விலாவரியா சொன்னேன். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழ குனிஞ்சு சாம்பல் கலர்ல ஒண்ணை எடுத்து வச்சார். ஒரு பக்கம் சொரசொர. மறு பக்கம் கொஞ்சம் கம்மியா சொரசொர.

"இது எத்தினி கிரிட்டுணா?" கிரிட்டுன்னா கல்லுல இருக்கிற துகளோட அளவைச் சொல்ற நம்பர்; நம்பர் ஏற ஏற துகள் நுணுக்கமாகும்.

"நைஸு தம்பி."

"நைஸுன்னா? நம்பர் இருக்கும்ல?"

"அந்தாண்ட பக்கம் ரஃபு, இந்தாண்ட நைஸு. எல்லா கத்திக்கும் இதான் போவுது."

எல்லா கத்திக்கும்! காசிமேட்டுல வஞ்சிரம் துண்டு போடுற கத்திக்கு அது தாராளமாப் போதும், நான் இல்லேன்னு சொல்லல. வாய், அதாவது வெட்டுற ஓரம், கொஞ்சம் சொரசொரப்பா இருந்தாத்தான் மீன் தோலைக் கடிச்சு இறங்கும். ஆனா இது தொண்டைல வைக்கிற கத்திங்க. ரெண்டு பக்கச் சரிவும் சேர்ந்து மொத்தமே சுமார் 16, 17 டிகிரிதான். அவ்ளோ மெல்லிசான வாயை அந்தச் சாம்பல் கல்லுல நாலு இழு இழுத்துட்டு மூஞ்சில வச்சா, முடியோட சேர்த்துத் தோலும் வரும். அதுக்கு மேல ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் விட்டுத் தேய்க்கச் சொல்லி அட்வைஸு வேற.

சரி, கடை வேணாம்னு ஆன்லைன்ல பார்த்தா அங்க வேற கூத்து. மூங்கில் கட்டை ஒண்ணு, 400/1000-ன்னு ஒரு இரட்டைக் கல்லு, 3000/8000-ன்னு இன்னொண்ணு, கல்லைத் தட்டையாக்க ஒரு கல்லு, போனஸா ஒரு பிளாஸ்டிக் கைடு கிளிப்பு. சமையல் கத்தி, கத்தரிக்கோல், சவரக் கத்தி, எல்லாத்துக்கும் ஏத்ததாம்.

அந்தக் கிளிப்பைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சவரக் கத்திக்கு எதுக்குய்யா கிளிப்பு? கத்தியோட முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லுல படுக்கணும். முதுகு எவ்ளோ தடிமன், கத்தி எவ்ளோ அகலம், அது ரெண்டும்தான் கோணத்தை முடிவு பண்ணுது. செஞ்சவன் கோணத்தையும் சேர்த்தே செஞ்சு குடுத்துட்டான். முதுகுல கிளிப்பை மாட்டினா முதுகு தூக்கிக்கும், கோணம் ஏறிடும், இருந்த வாயும் போயிடும். வாழ்க்கைல ஒரு சவரக் கத்தியைக் கையில எடுத்துப் பார்த்தவன் எவனும் அந்தப் பெட்டியைக் கட்டியிருக்க மாட்டான்.

இப்ப அந்த 8000-க்கு வருவோம். எந்த 8000? கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்க, பெட்டியைக் கிழிச்சு உள்பக்கம்கூடப் பாருங்க, சொல்லியிருக்க மாட்டான். ஜப்பானோட தர அளவான ஜேஐஎஸ் கணக்குல 1000-ன்னா உள்ள இருக்கிற துகள் சுமார் 11.5 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஐரோப்பாவுல சாணைச் சாமான் செய்றவங்க கூட்டமைப்பு ஃபெபாவோட கணக்குல, கல்லு, சக்கரம் வகைக்கு எஃப்1000-ன்னா 4.5 மைக்ரான். அதே ஃபெபா உப்புத்தாளுக்கு பி1000-ன்னு போட்டா 18 மைக்ரானுக்கு மேல. மூணுமே ஆயிரம்தான்! சின்ன ஆயிரத்துக்கும் பெரிய ஆயிரத்துக்கும் நாலு மடங்கு வித்தியாசம். பூக்காரம்மா முழம் போட்டா ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும், அதுக்குப் போய் யாரும் சண்டை போட முடியாது. இது மிஷின்ல செஞ்சு, அச்சடிச்சு, ஆயிரக்கணக்குல காசு வாங்கிட்டு விக்கிற சாமான். ஜேஐஎஸ் 8000-ன்னா 1.2 மைக்ரான் இருக்கணும். அதுக்கு நடுவுல பெரிய துகள் நாலு கலந்து கிடந்தாலும் போச்சு, மெருகு ஏத்துற இடத்துல கோடு கோடா கீறி வைக்கும். அந்த மூங்கில் கட்டைக் கல்லுல எது கலந்திருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, இது சாணை விஷயம் தெரியாத ஊரு இல்ல. சாணைக் கல்லுல இருக்கிற சிலிக்கான் கார்பைடுக்கு கார்போரண்டம்னு 1890-கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சசன் வச்ச பேரு, இங்க தெருவுல சாணை பிடிக்கிறவர் வாயில கூட சர்வ சாதாரணமா வரும். 1954-ல ஆரம்பிச்ச கார்போரண்டம் யுனிவர்சலுக்குத் திருவொற்றியூர்லயே ஆலை இருக்கு. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நான் சொல்ல வர்றது வேற. இந்தப் பக்கம் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் அரவைச் சக்கரத்துல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. ஏ 60 கே 5 வி-ன்னு போட்டிருக்கும். ஏ-ன்னா அலுமினியம் ஆக்சைடு. 60 கிரிட்டு. கே எவ்ளோ கெட்டி. 5 துகளுக்குத் துகள் எவ்ளோ இடைவெளி. வி-ன்னா சுட்ட களிமண் மாதிரியான பிடிப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பையன் அதைக் கடகடன்னு வாசிப்பான். இரும்பை ராவுற சக்கரத்துக்கே ஜாதகம் எழுதி ஒட்டுறாங்க. கழுத்துல வைக்கிற கத்திக்கு "நைஸு தம்பி"யாம்.

அடுத்து இந்த அட்வைஸ் கோஷ்டி. கத்தி தீட்டக் கத்துக்கப் போறேன்னு சொன்னா போதும், எடுத்த எடுப்புலயே "நேரா 12000 வாங்கிடு, கண்ணாடியா பளபளக்கும்"பாங்க. பளபளப்பை வச்சு என்ன பண்ண, மூஞ்சி பார்க்கவா? 12000 கல்லு இரும்பை எடுக்கவே எடுக்காது, ஏற்கெனவே கூரா இருக்கிறதுக்கு மெருகு ஏத்தும், அவ்ளோதான். என்கிட்ட இருக்கிறது பின்னி மில்லுல வேலை பார்த்த தாத்தாவோட கத்தி, ஜெர்மனில சோலிங்கன் ஊர்ல செஞ்சது. பல வருஷம் பீரோவுல கிடந்து வாய் அங்கங்க பொக்கையாயிருக்கு. அதுக்கு வேணும் 1000. ரெண்டு சரிவும் நடுவுல ஒரு இம்மி மிச்சமில்லாம வந்து சேர்றது அந்த 1000 கல்லுலதான் நடக்கணும். அது சேராம மேல 5000, 8000, 12000-ன்னு எத்தனை கல்லு ஏறினாலும் வேஸ்ட்டு. சோதிக்கிறதும் கஷ்டமில்ல. வாயை ஒட்டி கருப்பு மார்க்கர் தீட்டுங்க, கல்லுல ரெண்டு இழு இழுங்க, பூதக்கண்ணாடில பாருங்க. ஓரத்துல மயிரிழை அளவுக்குக் கருப்பு மிச்சம் இருந்தா வாய் இன்னும் கல்லையே தொடலன்னு அர்த்தம். இதைச் சொல்லிக் குடுக்க ஒருத்தன் வர மாட்டான், 12000-க்கு மட்டும் ஊரே வரும்.

இதுலயே இன்னொரு ரகம், கெத்து ரகம். "பெல்ஜியம் காட்டிகுல் இல்லாம சவரமா?"ன்னு கேப்பாங்க. ஆர்டென் மலைல வெட்டியெடுக்கிற மஞ்சக் கல்லு, உள்ள நுணுக்கு நுணுக்கா கார்னெட்ங்கிற கெட்டியான மணித் துகள், அருமையான கல்லு, ஒத்துக்கிறேன். ஆனா இயற்கைக் கல்லுல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. எவ்ளோ தண்ணி, கல்லு தேய்ஞ்சு வர்ற சேறு எவ்ளோ, எப்ப கழுவணும், எல்லாம் கைப்பழக்கம். முதல் தடவை கத்தியைப் பிடிக்கிறவன் கையில அதைக் குடுத்தா, தப்பு கல்லுலயா கையிலயான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய வண்ணாரப்பேட்டைல சலூன் வச்சிருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். பிளேடை உடைச்சு மாட்டுற கத்தி வந்தப்புறம் தீட்டுறதையே விட்டவர். உள்ள போய் உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்னக் கல்லு ஒண்ணைக் கொண்டாந்தார். "சோப்பு நுரை கொஞ்சம் தடவி நாலு இழு, அப்புறம் தோல் வாருல முப்பது. அவ்ளோதாம்பா"ன்னார். அவர் சொன்னதுல பொய்யே இல்ல. தினமும் ஓடுற கத்திக்கு அந்த நாலு இழுப்புதான் வைத்தியம். என் தாத்தா கத்தியைக் காட்டினதும் உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு இது பத்தாது, கண்ணு. பெரிய கல்லு வேணும். நேரான கல்லா பாரு."

நேரான கல்லு! நேரா இருக்கான்னு எந்தக் கடைலயாவது பார்க்க விடுறானா? பென்சிலால கல்லு மேல கட்டம் கட்டமா கோடு போட்டு, தடிமனான கண்ணாடி மேல விரிச்ச வாட்டர் பேப்பர்ல பத்து தடவை தேய்ச்சா தெரிஞ்சிடும். அந்த ஆன்லைன் மூங்கில் கட்டை செட்டை வாங்கித் தொலைச்சு அப்படித்தான் பார்த்தேன். புதுக் கல்லுதான், பெட்டி பிரிச்ச வாசனைகூடப் போகல. நாலு மூலைல கோடு அழிஞ்சது, நடுவுல அப்படியே இருந்தது. நடுவுல பள்ளம். முதுகும் வாயும் ஒண்ணா படுக்கணும்னு சொன்னேனே, பள்ளத்துல எது படுக்கும்? கூட வந்த தட்டையாக்குற கல்லுக்கும் அதே கட்டம் போட்டுப் பார்த்தேன். அதுவே வளைவு! கோணலை நிமிர்த்தக் கோணலையே அனுப்பியிருக்கான். திருப்பி அனுப்புறேன்னா, "பொருள் உபயோகிக்கப்பட்டுள்ளது, ஏற்க இயலாது"ன்னு பதில் வருது. உபயோகிக்காம பள்ளத்தை எப்படிய்யா கண்டுபிடிக்கிறது, ஜோசியம் பார்த்தா?

நல்ல கல்லு உலகத்துல இல்லாம இல்ல. கிங் 1000/6000, நார்ட்டன் 4000/8000, ஷாப்டன், நானிவா, எல்லாம் பேர் எடுத்த கல்லுதான். வெளிநாட்டுல இருந்து வரணும், விலை கேட்டா தலை சுத்தும், ஆனா கிரிட்டுல ஏமாத்த மாட்டாங்க. விக்கிறவங்களாவது எதை எப்படி வச்சுக்கணும்னு சொல்லலாம்ல? கிங்குன்னா ஊற வைக்கணும். ஷாப்டன் குரோமாக்குன்னா தண்ணி தெளிச்சாலே போதும். நானிவா சோசெராவைத் தண்ணில போட்டு மறந்துட்டா விரிசல் விடும். எல்லாத்துக்கும் ஒரே வரிதான் எழுதியிருக்கான்: "பத்து நிமிடம் ஊற வைக்கவும்."

கடைசில எனக்குப் புரியிற மொழில பேசினது கல்லே இல்ல, ஃபிலிமு. ஃபைபர் கேபிள் முனைக்கு மெருகு போடுறதுக்கு வர்ற மெல்லிசான பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மேல தண்ணி தெளிச்சு ஒட்டிக்கிட்டா பள்ளமும் இல்ல மேடும் இல்ல. 12 மைக்ரான், 3 மைக்ரான், 1 மைக்ரான்னு துகள் அளவை நேரடியாவே போட்டிருக்கான், ஜேஐஎஸ்ஸா ஃபெபாவான்னு மண்டையை உடைச்சுக்க வேணாம். கிழியும், தேயும், அடிக்கடி மாத்தணும், சம்மதம். பழகுற வரைக்கும் எனக்கு இது போதும். காசு சேர்ந்ததும் நல்லதா ஒரு 1000 கல்லு மட்டும் வாங்கப் போறேன், அதுவும் பென்சிலும் கையுமா போய். அதுக்குள்ள எவனாவது அந்தக் கைடு கிளிப்பைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்க, நடக்கிறதே வேற.