ஒயின் ஜாடியை இறுக மூடச் சொல்லும் குறிப்பு தவறு

“கிறிஸ்துமஸ் ஒயினுக்குக் கண்ணாடி ஜாடிதான் சரி, முதல் நாளே மூடியை இறுகத் திருகிவிடுங்கள், காற்றுப் பட்டால் வினிகராகிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. கண்ணாடி சரி. காற்றுப் பட்டால் புளிக்கும் என்பதும் உண்மை. இறுக மூடுவதுதான் ஆபத்து.

ஈஸ்ட் 100 கிராம் சர்க்கரையைத் தின்று முடித்தால் 25 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். போக வழியில்லாவிட்டால் ஜாடி வெடிக்கலாம். ஷாம்பெயின் பாட்டில் தாங்குகிறதே என்பார்கள். அது தடித்த கண்ணாடி. பாட்டிலில் நொதிக்கச் சேர்ப்பதும் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரைதான். நம் வீட்டு ஊறுகாய் பாட்டில் எங்கே, அது எங்கே!

ஜெர்மனியில் இலையுதிர் காலத்தில் விற்கும் ஃபெடர்வைசர் என்ற பாதி நொதித்த ஒயின் பாட்டிலைப் படுக்க வைத்தால் ஒழுகும். வாயு போக மூடியிலேயே வழி விட்டிருப்பார்கள். வீட்டு ஜாடிக்கு அந்த வேலையை ஏர்லாக், அதாவது மூடியில் பொருத்தும் தண்ணீர் நிரப்பிய சிறு குழாய், செய்யும்: வாயு தண்ணீர் வழியே குமிழிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது.