இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடுமாம்!

காரின் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் முனையில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிகிறது என்று யாரிடம் வாய் திறந்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்குங்கள், நின்றுவிடும்." மெக்கானிக் சொல்கிறார், பழைய கார் வைத்திருப்பவர் சொல்கிறார், வாழ்நாளில் பானெட்டைத் திறந்தே பார்க்காதவரும் சொல்கிறார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு காரில் அந்தத் திருகை இதற்கு முன் எவரும் தொட்டதே இல்லை என்று எப்படித்தான் நம்புகிறார்களோ! கார் யார் யார் கைக்குப் போனதோ, அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு சுற்று முறுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிறு அறுத்த தழும்பைப் போல ஹோஸைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் உலோகப் பட்டையில் வெட்டிய துளைகள் வழியாக ரப்பர் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. இனி முறுக்கினால் ரப்பர் அறுபடும், இல்லையென்றால் மரை வழுக்கும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

திருகு கிளாம்ப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1921-இல் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப் இன்றும் நல்ல பொருள்தான். அதில் மரையைப் பட்டையில் அழுத்திப் பதித்திருப்பார்கள். துளைத்திருக்க மாட்டார்கள், ரப்பரும் அறுபடாது. பட்டை முழுக்க ஓட்டை போட்ட மலிவான நகலை வாங்கி மாட்டிவிட்டு, "இதுவும் அதுவும் ஒன்றுதானே" என்று சாதிப்பவர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெரிய அளவுக் கிளாம்ப்பைச் சிறிய ஹோஸில் மாட்டிக் கடைசி மரைவரை சுருக்குபவர்கள் இன்னொரு ரகம். அப்படிச் சுருக்கினால் பட்டை வட்டமாக அமராது. திருகுப் பெட்டியின் அருகே பட்டை சற்றே தூக்கி நிற்கும். சொட்டு விழுவது சரியாக அந்த இடத்தில்.

ஹோஸை இழுத்து உள்ளே ஒருமுறை பாருங்கள் என்றால் எவருக்கும் மனம் வருவதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இன்ஜினின் சூட்டுக்கேற்பக் கூலண்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடி அலுமினியமாக இருந்தால், ஹோஸ் ஏறும் அதன் குழாய்க் கழுத்து பல ஆண்டு அரிப்பில் அம்மைத் தழும்பு முகமாகிவிடும். வார்ப்பிரும்பாக இருந்தால் துருச் செதில். பித்தளைக் கழுத்தாக இருந்தால், யாரோ குறடு வைத்துத் திருகியதில் வட்டம் போய் முட்டை வடிவம். இந்த மேடு பள்ளத்தின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி அடைத்துவிடாது. கழுத்தின் நுனியில் சுற்றிலும் ஒரு சிறு மேடு விட்டிருக்கிறார்களே, அது அழகுக்காக இல்லை. கிளாம்ப் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். நான் பார்க்கும் கார்களில் பாதியில் கிளாம்ப் அந்த மேட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது!

இதையெல்லாம்விட என் இரத்தத்தைக் கொதிக்க வைப்பது குளிர்க் கசிவு. இரவெல்லாம் நின்ற காரின் அடியில் விடிந்ததும் ஈரம். இன்ஜினை இயக்கிச் சூடேற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எலும்பு போலக் காய்ந்து கிடக்கிறது. "எங்கே சார் கசிகிறது?" என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். சூட்டில் ரப்பர் உலோகத்தைவிட அதிகமாக விரிகிறது. விரிய இடம் இல்லாமல் கிளாம்ப் நெருக்குவதால், மெல்ல மெல்ல அந்த நெருக்கிய வடிவத்திலேயே நிலைத்துவிடுகிறது. இரவில் ஆறும்போது ரப்பர் சுருங்குகிறது. திருகு கிளாம்ப்போ முறுக்கி விட்ட இடத்திலேயே நிற்கிறது. நடுவில் விழும் மயிரிழை இடைவெளி போதும். ரப்பரோடு கூடவே சுருங்கி விரியும் ஸ்பிரிங் வகைக் கிளாம்ப்பைத் தொழிற்சாலைகள் பிற்காலத்தில் பொருத்தத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அது "பார்க்க நன்றாக இல்லை" என்று கழற்றி வீசுகிறார்கள். குளிர்க் கசிவைப் பிடிக்க வேண்டுமானால் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதே கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் ரேடியேட்டர் மூடிக்குக் குறித்த அளவைத் தாண்டாமல். "வண்டியைச் சூடேற்றிக் கொண்டு வாருங்கள்" என்பவரிடம் இதை எத்தனை முறைதான் சொல்வது?

மூடி என்றதும் நினைவு வருகிறது. சூடு குறையும் என்று நம்பி, 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மூடி இருந்த இடத்தில் 15 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டும் மேதாவிகளை என்ன செய்வது? ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும், அவ்வளவுதான். ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு அதனால் கூடிவிடாது. கூடுவதெல்லாம் தேய்ந்த கழுத்துகள் மேலும், ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய இணைப்புகள் மேலும் விழும் இரட்டிப்புக்கும் அதிகமான அழுத்தம்.

பிறகு பசைக் கூட்டம். கழுத்து முழுக்க சிலிக்கான் பசையை அப்பி ஹோஸைச் சொருகுகிறார்கள். பிதுங்கி உள்ளே போன துணுக்கு கூலண்டோடு ஓடி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கிறது. அடுத்த முறை ஹோஸைக் கழற்றப் பிடித்து இழுத்தால், பித்தளைக் கழுத்தே தொட்டியோடு பற்றவைத்த இடத்தில் பெயர்ந்து வருகிறது. போதாதென்று, கசிவை அடைக்கும் தூளைக் கொட்டி ஹீட்டரையும் அடைத்துவைக்கிறார்கள். பளபளக்கும் நீலச் சிலிக்கான் ஹோஸ் போட்டவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த மென்மையான பொருளின் மேல் ஓட்டைப் பட்டைக் கிளாம்ப்பை மாட்டிவிட்டு, "விலை உயர்ந்த ஹோஸும் கசிகிறதே" என்று புலம்புகிறார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு கூலண்டை வடியுங்கள். பழைய ஹோஸை இழுக்காதீர்கள். நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். கழுத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். குழி இருந்தால் சூடு தாங்கும் எபாக்சியால் நிரப்பி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேயுங்கள். ஹோஸ் ஏற மறுத்தால் கொஞ்சம் கூலண்டையே தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். ஹோஸின் உள்விட்டம் 1¾ அங்குலம் என்றால் 44.45 மில்லிமீட்டர். 45 "கிட்டத்தட்ட அதேதான்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். சில முறை சூடேறி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில், ஒரே ஒருமுறை கிளாம்ப்பைச் சரிபாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கசிந்தால் இன்ஜின் தாங்கி ரப்பர்களைப் பாருங்கள். அவை நைந்துபோயிருந்தால் இன்ஜின் ஆடும் ஒவ்வொரு முறையும் ஹோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிற்பகல் வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் ஊர் உலகமெல்லாம் திருகை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அண்மையில் ஒரு பெரியவர் இன்னும் எளிய வழி சொன்னார். "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும், அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள்." கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம், கொஞ்சம் நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அதைத் தட்டில் ஏந்தித் தரையில் வைக்க வேண்டுமாம். அப்படியானால் சொன்னவரே வந்து, பூனையும் நாயும் குழந்தையும் நெருங்காமல் இரவெல்லாம் அந்தத் தட்டுக்குக் காவல் இருக்கட்டும்.