தையலும் மேசன் வேலையும் தாண்டி யோசியுங்கள்

கொழும்பில் பால்நிலை (ஆண், பெண் என்பதால் சமூகத்தில் வரும் வேறுபாடுகள்) பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், யுத்தத்தால் இடம்பெயர்ந்த இளையோருக்கான திட்டம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் தையல், ஆண் பிள்ளைகளுக்கு மேசன் வேலை. எனக்குக் கோபம்தான் வருகிறது. யுத்தம் அவளுக்குச் செய்தது வேறு, அவனுக்குச் செய்தது வேறு. அதைக் கேட்டறியாமல் தொழிலை மட்டும் பிரித்துக் கொடுத்தால் அது சமூகப் பணி ஆகுமா?

வன்னியில் கடைசி வருடங்களில் நடந்த இளவயதுத் திருமணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கல்யாணமானால் பிடிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. பொதுச் சட்டப்படி திருமண வயது 1995இலிருந்து 18. ஆகவே பதிவு இல்லை. 2009இல், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது சிலருக்குக் கையில் குழந்தை, பக்கத்தில் கணவன் இல்லை, கல்யாணத்தைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வயதைப் பார்த்தால் அவள் பிள்ளை. பட்டியலிலோ அவள் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’. தாயாகிவிட்டாள் என்று இளையோர் குழுவுக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. விதவைகள் கூட்டத்தில், அம்மா வயதுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் எதைப் பேசுவாள்? அந்தத் தலைமுறைக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதை தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

சரி, ஆண் பிள்ளைகள்? கொழும்பு அவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு, இரவில் சுற்றிவளைப்பு. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் இருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. தடுப்புக் காவலில் ஆண்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானதை 2015இல் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் பால்நிலை என்றால் பெண்கள் விஷயம் என்று அவனை வெளியே விட்டுவிடுகிறோம். ‘ஆம்பிளை அழக்கூடாது’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன், கிரிக்கெட் போட்டிக்கும் தலைமைத்துவப் பயிற்சிக்கும் கூப்பிட்டால் வருவான், விளையாடுவான், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான். அவனோடு தனியாகப் பேசப் பயிற்சி பெற்ற ஆண் ஆலோசகர்கள் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கோ, கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதே பெரிய விஷயம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாமா, பஸ் காசு யார் தருவது, அதுவரை குழந்தையை யார் பார்ப்பது? இவற்றுக்குப் பதில் இல்லாத அழைப்பை அவளால் ஏற்க முடியாது. விசாரிக்கப் போகிறவர் தமிழ் பேசும் பெண்ணாக இருக்க வேண்டும், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவள் தையல்தான் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம் காலம். ஆறு மாதத் திட்டத்தில் பிள்ளை பேசத் தொடங்கும்போது, கேட்டுக்கொண்டிருந்த அலுவலரின் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. நிதி தருபவர்களிடம் மூன்று வருடம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், கூட்டத்தில் எழுந்து அதையும் சொல்லுங்கள்.