பேட்டரியைக் கழற்றினால் விளக்குதான் அணையும்
"டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு (இன்ஜின் கோளாறு எச்சரிக்கை) வந்தால் பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அணைவது விளக்குதான், கோளாறு அப்படியே இருக்கும். என்ன கோளாறு என்று காரின் கணினி பதிந்து வைத்த பிழைக் கோடும் (code) பல வண்டிகளில் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்? (பழைய கார் விற்கிற சிலர் செய்கிற வேலையும் இதுவே.)

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். மிஸ்ஃபயரில் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) உள்ள வண்டியென்றால், அந்தக் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் பிழைக் கோடை அழித்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.