‘நொக்டேர்ன்’ கேட்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடலில் நான் ‘நொக்டேர்ன்’ இசைத்தட்டைப் போட, ஒருவர் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார். நடந்தது என்னவென்று இங்கே பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால் முழுக்கதையையும் மறுபடி எழுதவில்லை. “பாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்” என்று அன்றிரவே சிலர் தொலைபேசியில் சொன்னார்கள். பாட்டுத்தான் என்றால் அதை முடியும்வரை கேட்பதில் யாருக்கு என்ன நட்டம் என்பதுதான் என் கேள்வியும். அதிலுள்ள ‘வூடூ டொலி’ பாடல் மெல்ல மெல்ல வேகம் பிடித்து ஏறுகின்ற அந்த இடத்தில் இசைத்தட்டின் ஊசியைத் தூக்கிவிட்டு, “இதைத்தான் ஸ்ரூடியோவில் ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்களே, பிறகு எதற்கு இந்த இரைச்சல்?” என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சபை சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இந்தப் பதிவையும் வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஒரு நல்ல கொதிக் றொக் (இருளையும் துயரத்தையும் பாடுகிற றொக் வகை) குழுவின் லைவ் அல்பம், அதாவது மேடையில் பதிவான இசைத்தட்டு, என்பது ஸ்ரூடியோப் பதிவின் மலிவான பிரதி அல்ல. அது வேறொரு படைப்பு. சூசி அன்ட் த பான்ஷீஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் ‘நொக்டேர்ன்’ அதற்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த சான்று. 1983 செப்டெம்பர் 30ஆம் திகதியும் ஒக்ரோபர் 1ஆம் திகதியும் லண்டன் றோயல் அல்பேட் ஹோலில் நடந்த இரண்டு கச்சேரிகளில் இருந்து எடுத்து, அதே ஆண்டு நவம்பரில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் அனைவருக்கும் காது பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

முதற்பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் விளக்கணைந்ததும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ இசையின் ஒரு துண்டு ஒலிக்கிறது. 1913இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியபோது சபையோரைக் கூச்சலிட வைத்த அதே இசை. அந்த ஒலியும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கும்போதே ‘இஸ்ரேல்’ தொடங்கிவிடுகிறது. 1980இல் தனிப்பாடலாக வந்த அதன் ஸ்ரூடியோப் பதிவில் முடிவை நெருங்கும்போது ஒரு பாடகர் குழு சேர்ந்து பாடும். மிக அழகான பதிவு, மறுக்கவில்லை. மேடையில் அந்தக் குழு இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், முரசுகள், சூசியின் குரல், அவற்றுக்கு மேலே அந்தப் பென்னாம்பெரிய குவிமாடம். பாடகர் குழு செய்த வேலையை அந்தக் கட்டடம் செய்கிறது. இதை ‘இரைச்சல்’ என்கிறவர் எதைக் கேட்டார் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அந்த மண்டபம் 1871இல் திறக்கப்பட்டது. திறந்த நாளில் இருந்தே எதிரொலிக்குப் பேர்போன இடம். பிரித்தானிய இசையமைப்பாளர் ஒருவர் தன் படைப்பை இரண்டாம் முறை கேட்கக்கூடிய ஒரே இடம் அதுதான் என்ற பழைய பகிடி இன்றைக்கும் இங்கே ஓடுகிறது. அந்த எதிரொலியைக் கட்டுப்படுத்த 1969இல் கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையில் இருந்து தொங்கவிட்டார்கள். மகளோடு ஒரு கோடைகாலக் கச்சேரிக்குப் போய், ஆக மலிவான சீட்டில், உச்சிக் கலரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தத் தட்டுகளை எட்டித் தொடலாம் போலிருந்தது. கீழே மேடையில் வயலின்காரர்களின் வில்லு மேலே போய்க் கீழே வந்த பிறகே அந்த ஒலி எங்களிடம் வந்து சேர்ந்தது போல எனக்குப் பட்டது. அன்றைக்கு வாசித்தது வேறு யாரோ, வேறு எதுவோ. ஆனால் ‘நொக்டேர்ன்’ ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது அந்தக் கலரியில்தான் எனக்குப் பிடிபட்டது. கொதிக் இசை எதிரொலியை விரும்பும் இசை. ஸ்ரூடியோவில் பொத்தானைத் திருகி வரவழைக்கிற எதிரொலி வேறு, ஆயிரக்கணக்கான மனித உடல்கள் நிறைந்த ஒரு மண்டபம் திருப்பித் தருகின்ற எதிரொலி வேறு.

இனி, கிற்றார் பற்றி அன்று எழுந்த ஆட்சேபம். இதை எழுப்பியவர் விடயம் தெரிந்தவர் என்பதால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். இந்தப் பாடல்களில் பாதிக்கு மேல் ஜோன் மக்கியோக் உருவாக்கிய கிற்றார் வேலை. 1982இல் அவர் உடைந்துபோய் விலகிய பின், கியூர் குழுவின் றொபேட் ஸ்மித் வந்து அவற்றை வாசிக்கிறார். அசல் கலைஞர் இல்லாத பதிவை எப்படி உயர்ந்தது என்று சொல்லலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ‘ஸ்பெல்பவுண்ட்’ பாடலில் மக்கியோக்கின் விரல்கள் செய்வதை இன்னொருவர் அப்படியே செய்வது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். மக்கியோக் அந்தக் குழுவின் முதற் கிற்றார் கலைஞர் அல்லர். ‘நொக்டேர்ன்’ தட்டிலுள்ள ‘ஸ்விட்ச்’, ‘ஹெல்ரர் ஸ்கெல்ரர்’ ஆகிய இரண்டும் 1978இல் வந்த முதல் அல்பத்தில் இருந்தவை. அப்போது கிற்றாரில் ஜோன் மக்கே, முரசில் கெனி மொறிஸ். அவர்கள் இருவரும் 1979இல், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, அபர்டீன் நகரில் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். அதே பயணத்தில் இவர்களுக்கு முன்னதாகத் தொடக்கக் கச்சேரி செய்துகொண்டிருந்த கியூர் குழுவின் ஸ்மித்தான் தன் கச்சேரியை முடித்துவிட்டு இவர்களுக்கும் கிற்றார் வாசித்து மானத்தைக் காப்பாற்றினார். ஆகவே ‘நொக்டேர்ன்’ பதிவான மேடையில் தொடக்ககால உறுப்பினர்களாக நின்றவர்கள் சூசியும் பேஸ் வாசித்த ஸ்டீவன் செவரினும் மட்டுமே. அசலானவர் வாசித்தால்தான் அசல் என்றால் அந்தக் குழுவின் எந்தப் பதிவை நாங்கள் கேட்பது?

ஸ்மித் நுணுக்கத்தைக் குறைத்து, ஒலியைத் தடிப்பாக்கி, விளிம்புகளை மங்கவிட்டு வாசிக்கிறார். மக்கியோக் ஊசியால் கீறியதை இவர் கரியால் தீற்றுகிறார். அந்த வேறுபாடுதான் எனக்கு வேண்டும். ஸ்மித் 1984இல் களைத்துப்போய் விலகிவிட்டார்; சூசி, செவரின், ஸ்மித், முரசு வாசித்த பட்ஜி ஆகிய இந்த நால்வரும் சேர்ந்து ஒரேயொரு ஸ்ரூடியோ அல்பந்தான் செய்தார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர்கள் மேடையில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அன்று வெளிவந்த சாட்சி இந்த இசைத்தட்டு. பட்ஜியின் முரசைப் பற்றியும் எழுதத் தொடங்கினால் பதிவு முடியாது. தாளத்தட்டுகளைச் சும்மா தட்டிக்கொண்டிராமல் பெரிய முரசுகளிலேயே தாளத்தைச் சுழற்றுகிற அவருடைய முறைதான் பிற்பாடு அந்த வகை இசைக்கே இலக்கணமாயிற்று. அதைக் காதால் கேட்பதைவிட நெஞ்செலும்பால் கேட்பதே சரி.

“லைவ் அல்பம் என்பது பழைய வெற்றிப்பாடல்களைத் திரும்ப விற்கிற வியாபாரம்” என்று சொன்னவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் வெற்றிப்பாடல் ‘ஹொங் கொங் கார்டன்’. அது ‘நொக்டேர்ன்’ தட்டில் இல்லவே இல்லை. பதிலாக, தனிப்பாடல்களின் மறுபக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தவற்றை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ‘டியர் புறூடன்ஸ்’ வெளியாகி அப்போது சில நாட்களே ஆகியிருந்தன; பீற்றில்ஸ் பாடலைத் தங்கள் நிறத்தில் தோய்த்தெடுத்த அது பிரித்தானியத் தரவரிசையில் மூன்றாம் இடம்வரை போனது அந்தக் கச்சேரிகளுக்குப் பிறகுதான். பழையதை விற்கிற வியாபாரிகள் இவ்வளவு மோசமாகவா வியாபாரம் செய்வார்கள்?

இரட்டைத்தட்டு நீளம் கூட என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நேரமில்லாவிட்டால் கேட்க வேண்டாம்.

இதே தட்டிலுள்ள ‘நைற் ஷிஃப்ற்’ (இரவுவேலை) பாடலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்தேன். பகலில் நித்திரை வராத நாட்களில் பழைய சாமான்கள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் சுற்றுவேன். இந்தத் தட்டை அப்படித்தான் வாங்கினேன், மூலை மடங்கிய மட்டையும், உட்புறம் நீல மையில் யாரோ எழுதிய ஒரு பெண்ணின் பெயரும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பாடல் வட இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பெண்களைத் தேடித் தேடிக் கொன்ற பீற்றர் சட்கிளிஃபின் நிழலில் பிறந்தது என்று எனக்குச் சொன்னவர் என்னோடு வேலைசெய்த, லீட்ஸ் பக்கத்து மனிதர். பதின்மூன்று பெண்களைக் கொன்றதாக 1981இல் அவனுக்குத் தீர்ப்பாயிற்று. அவன் பிடிபடாமல் இருந்த காலத்தில் இருட்டிய பின்னர் தன் அக்காவை வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள் என்றும், அவர் வேலையையே விட்டுவிட்டார் என்றும் அந்த மனிதர் சொன்னார். கொலைகாரனைப் பாடுவது பிழை என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அறம் பேசினார். அந்தப் பயத்துக்குள் வாழ்ந்த ஒரு தலைமுறையின் முன்னால், ஒரு பெண் மேடையில் நின்றுகொண்டு, அந்த இரவை நிதானமாக, அவசரமே இல்லாமல் பாடுவதை முதலில் கேட்கட்டும். ஸ்ரூடியோவில் அது ஒரு கதை. மேடையில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்த தெரு. வேறு படைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஊசியைத் தூக்கிய பின் அந்த அண்ணன் சொன்ன இரண்டு வசனங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. “நாங்கள் பட்டது காணாதா, இன்னும் இவர்களுடைய ஒப்பாரியையும் கேட்க வேணுமா?” என்றார். பிறகு, “கறுப்பு மை பூசிக்கொண்டு துக்கம் நடிக்கிறவர்கள்” என்றார். எங்கள் சனம் பட்டதை எனக்கு ஞாபகப்படுத்த அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் இழந்தவர்களை நானும் அறிவேன். ஆனால் நான் எதைக் கேட்டு எப்படித் துக்கப்படலாம் என்று பட்டியல் போடுகிற உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? பட்ட துயரத்துக்குப் பொருத்தமான பாட்டு இன்னதுதான் என்று எந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினார்கள்? சென்ற மாதம் அதே வரவேற்பறையில் மூன்று மணித்தியாலம் சினிமாக் காதல் தோல்விப் பாடல்கள் ஓடியபோது, அதுவும் நடிப்புத்தான் என்று ஒருவரும் ஊசியைத் தூக்கவில்லை.

ஒப்பாரி என்பதையும் வசவாகச் சொல்லியிருக்க வேண்டாம். எங்களூரில் செத்தவீடென்றால் என் பெரியம்மாவுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார்கள். முற்றத்தில் காலெடுத்து வைக்கும்வரை அயலாரோடு விலைவாசி கதைத்துக்கொண்டு வருவார். பிரேதத்தைக் கண்டதும் குரல் எடுப்பார். ஒரு செத்தவீட்டில் பாடியது போல இன்னொன்றில் பாடியதே கிடையாது. கிடத்தியிருப்பது யார், சுற்றி இருப்பவர்கள் யார், யார் இன்னும் வந்து சேரவில்லை என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி வரும். பெரியம்மா நடித்தார் என்று யாரும் சொன்னதில்லை, சொன்னவர் உயிரோடு திரும்பியிருக்கவும் மாட்டார். அவரைத் தனி அறையில் இருத்தி, கதவைச் சாத்தி, ஒலிவாங்கியை முன்னால் வைத்துப் பாடச் சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? சொற்கள் கிடைத்திருக்கும். சூசி முகத்தில் மை பூசினார், பெரியம்மா மார்பில் அடித்தார். இரண்டுமே ஆட்களுக்கு முன்னால் செய்யப்படுகிறவை, ஆட்கள் இல்லாவிட்டால் பாதியாகிவிடுகிறவை.

சூசியும் அவருடைய கூட்டாளிகளும் ‘கொதிக்’ என்ற முத்திரையை விரும்பியதில்லை என்று யாராவது இனிக் கீழே வந்து எழுதுவார்கள். தெரியும். முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு முத்திரை பிடிப்பதில்லை, எனக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பிடிக்கவில்லை. அதே மண்டபத்தில் 1985 யூனில் சிஸ்ரர்ஸ் ஒஃப் மேர்சி குழு செய்த கச்சேரியின் வீடியோப் பதிவு இருக்கிறது. மேடைப் பதிவே வீண் என்கிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு ஒரேயடியாக என்னைத் திட்டலாம்.

கடைசியாக, இதுபோன்ற பாடல்களைக் கேட்பது மனச்சோர்வின் அறிகுறி என்று உட்பெட்டியில் வந்து, தெரிந்த வைத்தியர் ஒருவரின் விபரத்தையும் இணைத்து அனுப்பிய அன்பருக்கு நன்றி. எனக்கு நித்திரை ஒழுங்காக வருகிறது, பசிக்கிறது, வேலைக்குப் போய் வருகிறேன், இரத்த அழுத்தம் மட்டும் சற்றுக் கூட. அதற்கு ‘நொக்டேர்ன்’ காரணமல்ல, உங்களைப் போன்றவர்களின் அக்கறைதான் காரணம். இந்தக் கிழமைக் கூடலுக்கு நான் வரமாட்டேன். தட்டைக் கடன் கேட்டவர்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, நாலு பக்கத்தையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் போகலாம். தேத்தண்ணி தருவேன், தட்டைத் தரமாட்டேன்.