நீலச் சுவரும் கவனமும்: ஒரு திருத்தம்
"படிக்கும் அறைக்கு நீல வண்ணம் பூசினால் கவனம் கூடும், சிவப்பு அதைச் சிதைக்கும், 2009ஆம் ஆண்டிலேயே இது நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஆய்வு சொன்னது ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அக்கட்டுரையின்படி, நுணுக்கமாகக் கவனித்துச் செய்ய வேண்டிய வேலைகளில் சிவப்பும், புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளில் நீலமும் கைகொடுத்தன; அதுவும் பெரும்பாலும் கணினித் திரையின் பின்னணி நிறத்தை மாற்றிப் பார்த்ததுதானே தவிர, சுவருக்கு வண்ணம் பூசிப் பார்த்ததல்ல. அதில் இருந்த ஒரு சோதனையை மீண்டும் செய்து பார்த்து 2014இல் வெளியிட்டவருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை.

இளஞ்சிவப்பு அறை மனிதரைச் சாந்தப்படுத்தும் என்பதும் இவ்வகைதான். 1979இல் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையில் தொடங்கிய அந்த நம்பிக்கை, பின்னர் ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த ஆய்வுகளில் தேறவில்லை.

நிறத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அடர்நிறச் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள், தாளிலேயே அந்தச் சாயல் படியும்; வெளிர்நிறச் சுவரோ சன்னல் வெளிச்சத்தை அறையின் மூலைவரை திருப்பி அனுப்பும். விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி கொண்ட செல்கள் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்பட்டு விழிப்புநிலையைக் கூட்டுவது உண்மை. ஆனால் அதற்குக் கண்ணில் போதிய ஒளி விழ வேண்டும். மங்கிய விளக்கின் கீழ் நிற்கும் நீலச் சுவரால் அந்த வேலை நடக்காது. ஆகவே வண்ண டப்பாவுக்குச் செலவிடுவதற்கு முன், மேசையைச் சன்னலோரம் நகர்த்திப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.