பரனோவ்ஸ்கி ஒருவரல்லர், இருவர்
உக்ரைன் கூட்டுறவு வங்கியை நிறுவி, 1917-இல் அந்நாட்டின் முதல் நிதிப் பொறுப்பாளரானவர் பொருளியல் அறிஞர் மிகைலோ துகான்-பரனோவ்ஸ்கி என்றொரு செய்தி பலராலும் பகிரப்பட்டிருக்கிறது. பணிவுடன் திருத்த விரும்புகிறேன்: அவ்விரண்டையும் செய்தவர் கிறிஸ்டோஃபர் பரனோவ்ஸ்கி என்னும் வேறொருவர். கீவ் நகரில் கடன் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பை நடத்தி, பின்னர் 'உக்ரைன்பாங்க்' என்னும் அக்கூட்டுறவு வங்கி உருவாக முன்னின்ற கிறிஸ்டோஃபர்தான், 1917 ஜூனில் மத்திய ராடா (உக்ரைனியப் பிரதிநிதிகள் மன்றம்) அமைத்த, அமைச்சரவை போன்ற பொதுச் செயலகத்தில் நிதியை முதலில் ஏற்றார். துகான்-பரனோவ்ஸ்கி அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அப்பொறுப்புக்கு வந்தார். அவரும் கூட்டுறவுக் கோட்பாடு பற்றி விரிவாக எழுதியவர் என்பதால் இக்குழப்பம் நேர்வதில் வியப்பில்லை (நானும் ஒருமுறை தடுமாறியிருக்கிறேன்).

சரிபார்ப்பது எளிது. பொதுச் செயலகத்தின் முதல் உறுப்பினர் பட்டியலை உக்ரைனிய மொழியிலேயே எடுத்து, நிதிக்கு நேரே உள்ள பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள்; அம்மொழி தெரியாதவர்களுக்கும், பெருக்கல் குறி போன்ற அந்த எழுத்து 'மிகைலோ'வின் 'எம்' அன்று என்பது கண்ணுக்குப் புலப்படும். உக்ரைன் கலைக்களஞ்சியத்திலும் இருவருக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. துகான்-பரனோவ்ஸ்கி 1919 ஜனவரியிலேயே, ஒடெசா அருகே ரயில் பயணத்தில் இறந்துவிட்டார். ஆகவே அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் 'பரனோவ்ஸ்கி' செய்ததாக வரும் எதையும் அவர் கணக்கில் சேர்க்க இயலாது.